ஒயினில் ஊறிய பழமும் ஒரு முன்னெச்சரிக்கையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் செயலாளர் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, வருஷா வருஷம் எல்லாரும் சோலார், பேட்டரி, ரோபோன்னு பேசுறாங்க. வீட்டுல இருந்து வர்றவங்க கொட்டாவி விடுறாங்க. நீ குடும்பத்துக்குப் பிரயோசனமா ஏதாச்சும் பேசு" என்றார். "அண்ணே, எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பம்பு. இன்னொண்ணு பழம்" என்றேன். "பழத்தையே பேசிரு" என்று போனை வைத்துவிட்டார். என்ன பழம், எதில் ஊறிய பழம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. (சிரிப்பு)

ஆமாம், விருந்துகளில் வைக்கிற ஒயினில் ஊறிய பழத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆசிரியர்கள் பயப்பட வேண்டாம். வளாகத்துக்குள் ஒரு சொட்டுக்கூடக் கொண்டுவரவில்லை.

நாம் லேப் ரெக்கார்டு எழுதிய வரிசையிலேயே இதையும் சொல்லிவிடுகிறேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு, கடைசியாக முன்னெச்சரிக்கை. அந்த முன்னெச்சரிக்கைப் பகுதியை நம்மில் யாராவது யோசித்து எழுதியிருக்கிறோமா? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே இறக்குவோம். "இடமாறு தோற்றப் பிழையைத் தவிர்க்க வேண்டும்" என்று எழுதாத ரெக்கார்டே கிடையாது. அளவுகோலே இல்லாத சோதனைக்குக்கூட அதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இன்றைய பேச்சின் விஷயமே அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் நோக்கம். மதுரைக்காரனுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பழையது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர்கள் நல்ல கலங்களில் கொண்டுவந்து கொடுத்த குளிர்ந்த மணமுள்ள தேறலை அருந்தி மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். வைகை கடலில் சேரும் பக்கத்தில் இருக்கிற அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது, மத்தியதரைக்கடல் நாட்டு ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்த மாதிரி ஜாடிகளில்தான் அக்காலத்தில் ஒயினும் எண்ணெயும் கப்பலில் வந்தன.

வைகையின் அடிவாரத்தில் ஒயின் ஜாடி என்றால், அதற்குத் தண்ணீர் வருகிற மேல்பக்கம் முழுக்கத் திராட்சை. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் வேலைக்கு வந்தது. மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை அது. சிவில்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் இறங்குகிற கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்குவது பன்னீர் திராட்சை. புத்தகத்தில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருப்பதால், மதுரையில் டிசம்பரிலும் கிடைக்கிறது.

எனக்கு இந்தப் பழக் கிண்ணத்தை அறிமுகப்படுத்தியது எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. நாங்கள் குடியிருந்தது கே.புதூரில். மாதா கோயில் மணி கேட்கிற தூரம். டிசம்பர் பிறந்துவிட்டால் அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பீங்கான் ஜாடி உட்கார்ந்துவிடும். கேக்குக்குப் போடுகிற உலர்ந்த திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் அதில் ஊறும். மூடியைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும். "என்னத்தை ஊத்தியிருக்கீங்க அத்தை?" என்று கேட்டால், "திராட்சை ரசம்டா" என்று சொல்லிவிட்டுக் கையில் ஒன்று கூடத் தராமல் மூடிவிடுவார். அந்தத் "திராட்சை ரசம்" என்ற வார்த்தையை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்து தேவையான பொருட்கள். பத்துப் பேருக்கு ஒரு கிலோ நறுக்கிய பழம், 750 மில்லி சிவப்பு ஒயின் ஒரு பாட்டில், சர்க்கரை 100 கிராம், பட்டை ஒரு துண்டு, கிராம்பு நாலு, வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். போர்ட் வகை ஒயின் என்றால் அதிலேயே இனிப்பு இருக்கிறது, சர்க்கரையைப் பாதியாக்கிவிடலாம்.

பழத்தில் நமக்குக் குறையே இல்லை. பன்னீர் திராட்சை, ஆயக்குடி கொய்யா, அன்னாசி, ஆப்பிள், ஆரஞ்சு, சீசனில் கொடைக்கானல் பேரிக்காய். சிறுமலை வாழைப்பழம் வாசனையில் ராஜா. ஆனால் அதை ஊறப்போட்டால் குழைந்துவிடும். பரிமாறும்போது மேலே நறுக்கிப் போடுவதோடு சரி. பப்பாளியும் அப்படித்தான். தர்பூசணி வேண்டவே வேண்டாம், கிண்ணத்தையே தண்ணீராக்கிவிடும்.

ஒயினைக் கடையில் வாங்க வேண்டும். நம் ஊரில் ஒயின் ஷாப்பில் எல்லாம் கிடைக்கும், ஒயினைத் தவிர! இரண்டு மூன்று கடை ஏறி இறங்கத்தான் வேண்டும். "எதுக்கு அலையணும், கம்பம் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஜாடியில போட்டு மூடினா இருபது நாள்ல வீட்லயே ஆயிரும்ல" என்று செல்போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகும். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம். வீட்டு ஜாடி என்றாலும் குற்றம்தான். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு மது விற்பதும் கூடாது.

பாத்திரம் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் மூன்றில் ஒன்று. அலுமினியம் கூடாது. ஒயினும் பழமும் புளிப்பு, அலுமினியத்தைத் தின்றுவிடும். ருசியும் கெடும்.

இனி செய்முறை. மூன்று விதம் சொல்கிறேன். மூன்றும் சமையலே தெரியாத ஆண்பிள்ளைகளும் செய்யக்கூடியவை.

முதலாவது சாதாரணப் பழக் கிண்ணம். பழங்களை ஒரே அளவில், முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். சர்க்கரையைத் தூவி அரை மணி நேரம் சும்மா வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாறை இழுத்து வெளியே விடும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சவ்வூடு பரவல்தான். அதன்பிறகு ஒயினையும் பட்டை கிராம்பையும் சேர்த்து, மூடி, ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம் வையுங்கள். காலையில் போட்டால் சாயங்கால விருந்துக்குச் சரியாக இருக்கும். ராத்திரியே போட்டுவிட்டால் கொய்யா தொளதொளத்துவிடும்.

திராட்சையை முழுசாகப் போட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் உள்ளே ஊறாது. அதன் தோல்மேல் வெள்ளையாகப் பூத்தாற்போல் இருப்பது மெழுகு. திரவத்தை அது உள்ளே விடாது. பன்னீர் திராட்சையில் விதையும் இருக்கிறது. ஆகவே இரண்டாக வெட்டி விதையை எடுத்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. வெட்டுவதற்கு முன் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தோட்டத்தில் மருந்து அடிக்கிற பழம் அது.

இரண்டாவது, குழந்தைகள் ஐஸ்குச்சி தின்பதுபோல் பெரியவர்களுக்கு. விதையில்லாத திராட்சை அரைக் கிலோ எடுத்து, ஒவ்வொன்றையும் பல்குத்தும் குச்சியால் நாலு இடத்தில் குத்தி, மூழ்குகிற அளவு ஒயினில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். வடித்து, பொடித்த சர்க்கரையில் உருட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் நாலு மணி நேரம். ஒயின் உறைவதற்குச் சுழியத்துக்கும் ஐந்து டிகிரி கீழே போக வேண்டும். வீட்டு ஃப்ரீசர் அதைவிட ரொம்பக் கீழே போகும். ஆனாலும் சர்க்கரையும் ஆல்கஹாலும் இருப்பதால் கல்லாகாமல், கடித்தால் நறநறவென்று உடையும். மதுரை வெயிலுக்குத் தட்டு வெளியே வந்த ஐந்தாவது நிமிஷம் அழ ஆரம்பித்துவிடும். ஆகவே பத்துப் பத்தாக எடுங்கள்.

மூன்றாவது, பேரிக்காய். கொடைக்கானல் பேரிக்காய் கொஞ்சம் கெட்டி, அப்படியே தின்றால் நறுக்கு நறுக்கு என்றிருக்கும். தோல் சீவி, நாலாக வெட்டி, ஒயின், சர்க்கரை, பட்டையோடு சின்னத் தீயில் அரை மணி நேரம் வேகவிட்டால் மாதுளை நிறத்தில் பளபளவென்று வரும். ஆறவைத்துப் பரிமாறலாம்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தச் சாறில் ஜெல்லி செய்ய ஆசைப்பட்டால், பச்சை அன்னாசி இருக்கும்போது ஜெலட்டின் உறையாது. அன்னாசியில் இருக்கிற என்சைம் அதைச் சிதைத்துவிடும். கடல்பாசி என்று நாம் சொல்கிற சைனா கிராஸ் போட்டால் உறையும்.

முடிவு என்ன? பிரமாதம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. 2015லிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நம் பேட்ச் மதுரைக்காரர்கள் கூடுகிறோம். பிரியாணியைவிட இந்தக் கிண்ணம் முதலில் தீர்ந்துவிடும்.

2021 டிசம்பரிலும் அப்படித்தான் கூடினோம். கொரோனாவுக்குப் பிறகு ஒருவரையொருவர் முகம் பார்த்தது அப்போதுதான். இருபது பேருக்கு மேல். நான் வழக்கம்போல் கிண்ணம் வைத்தேன். பொறுப்பான பொறியாளன் அல்லவா, அட்டையில் பெயரும் எழுதி முன்னால் நிறுத்தினேன். அத்தையின் ஞாபகத்தில் அழகாக எழுதினேன்: "திராட்சை ரசத்தில் ஊறிய பழங்கள்."

நண்பர்களே, தமிழில் திராட்சை ரசம் என்றால் என்ன? கானாவூர்க் கல்யாணத்தில் தீர்ந்துபோனது திராட்சை ரசம். அது ஒயின். டவுன்ஹால் ரோட்டில் ஜூஸ் கடைக்காரர் போர்டில் எழுதினாலும் அது திராட்சை ரசம்தான். அது வெறும் சாறு. புதூர் அத்தை வாயில் ஒரு அர்த்தம், மற்றவர் கண்ணில் இன்னொரு அர்த்தம். நான் எழுதியது எனக்குப் புரிந்தது. படிக்கிறவனுக்கு என்ன புரியும் என்று யோசிக்கவில்லை.

நம் நண்பன் ஒருவன் குடும்பத்தோடு வந்திருந்தான். பெயர் சொல்லமாட்டேன். இதைச் சொல்வதே அவனும் அவன் வீட்டுக்காரம்மாவும் சரி என்ற பிறகுதான். அரங்கில் யார் முகத்தையும் தேடாதீர்கள். படிக்கும்போது நம்மோடு சேர்ந்து சிரித்த பயல். வேலைக்குப் போன இடத்தில் குடி பிடித்துக்கொண்டது. நமக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் "அவன் ஜாலியான ஆளுப்பா" என்று விட்டுவிட்டோம். அந்த 2021 மே மாதம் அவனே போய் சிகிச்சையில் சேர்ந்து, வெளியே வந்து, ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தான். அதுவும் நமக்குத் தெரியாது. அவன் மனைவி தினமும் காலையில் கையில் கொடுத்து விழுங்கவைக்கிற ஒரு மாத்திரையும் இருந்தது. அது டைசல்ஃபிரம்.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று எனக்கு அன்று தெரியாது, இன்று தெரியும். ஆல்கஹால் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது விஷம். அடுத்த கட்டத்தில் ஒரு என்சைம் அதையும் உடைத்துவிடும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது என்சைமை நிறுத்திவைக்கிறது. ஆகவே கொஞ்சம் ஆல்கஹால் போனாலும் அசிட்டால்டிஹைடு தேங்கிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட இப்படி ஆகலாம். குடிக்கப் போகிறவனைத் தடுக்க வைத்த வேலி அது. அந்த வேலியில் நான் அவனைத் தள்ளிவிட்டேன்.

கொரோனா வந்து போனதிலிருந்து அவனுக்கு மோப்பம் சரியாகத் திரும்பவில்லை. பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் வேறு. அட்டையைப் படித்தான், நம்பினான், இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். கால் மணி நேரத்தில் முகம், கழுத்து எல்லாம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவன் சோடா வாங்க ஓடினான். அவன் மனைவிக்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்தம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்கள். "எப்ப குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். சத்தம்கூடப் போடவில்லை. அவன் வாந்திக்கு நடுவில் தலையைத் தலையை ஆட்டினான்.

என்னால் அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. ஏழு மாதம் அந்த வீட்டில் கல் கல்லாக எழுப்பிய நம்பிக்கை அது. என் கிண்ணம் ஒரு நிமிஷத்தில் அதை ஆட்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தம்மா மாத்திரை அட்டையை டாக்டரிடம் நீட்டினார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "எவ்வளவு ஆல்கஹால் உள்ளே போயிருக்கும்?" என்று கேட்டார். பம்புக்கு ஹெட் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்குப் பதில் தெரியவில்லை. "ரொம்பக் கொஞ்சம்தான் சார், பழத்துல என்ன இருக்கப்போகுது" என்றேன். டிரிப் போட்டு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். விடியற்காலையில் சரியானான்.

பிறகு கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 750 மில்லி ஒயினில் 12 சதவீதம் என்றால் 90 மில்லி சுத்த ஆல்கஹால், அதாவது 71 கிராம். பத்துக் கிண்ணமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 7 கிராம். கடையில் வாங்குகிற விஸ்கி 30 மில்லியில் இருப்பது 10 கிராம். ஆக ஒரு கிண்ணம் பழம் கிட்டத்தட்ட முக்கால் ஸ்மால். இரண்டு கிண்ணம் சாப்பிட்ட என் நண்பன் ஒன்றரை ஸ்மால் அளவு சாப்பிட்டிருக்கிறான். நான் அதை "ரொம்பக் கொஞ்சம்" என்றேன்.

சாறைவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்தால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். பழத்தில் பெரும்பங்கு தண்ணீர். ஊற ஊற உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற ஒயினும் ஒன்றாகிக்கொண்டே வரும். முழுக்க ஊறினால் பழத்துண்டே ஐந்தாறு சதவீதத்துக்கு, பீர் அளவுக்கு, வந்து நிற்கும்.

"கொதிக்கவைத்தால் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும்" என்பதும் முழு உண்மையில்லை. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கலந்து கால் மணி நேரம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம். அரை மணி நேரம் கொதித்தால் 35. ஒரு மணி நேரம் கொதித்தாலும் கால் பங்கு நிற்கிறது. தீப்பற்றவைத்து வித்தை காட்டுகிறார்களே, அதில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது. நான் சொன்ன பேரிக்காயிலும் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்தக் கிண்ணம் ஒன்று தோராயமாக 17, இரண்டு என்றால் 35. உடல் எடை குறைவான பெண்களுக்கு ஒரு கிண்ணத்திலேயே எல்லை பக்கத்தில் வந்துவிடும். "பழம்தான் சார் சாப்பிட்டேன்" என்று மாட்டுத்தாவணி ரவுண்டானாவில் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று. (சிரிப்பு) இந்தக் கணக்கை நம்பி ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். வயிறு, வயது, மருந்து எல்லாம் கணக்கை மாற்றும்.

ஆகவே இப்போது, நாம் யாரும் யோசித்து எழுதாத அந்தக் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். முன்னெச்சரிக்கை.

ஒன்று. கிண்ணம் எப்போதும் இரண்டு. நம் வீட்டுக்கு வருகிறவர்களில் கர்ப்பமாக இருக்கிற பெண் இருப்பாள், பிள்ளைகள் இருப்பார்கள், மருந்து சாப்பிடுகிறவர் இருப்பார். மார்க்கம் தடுத்திருப்பதால் தொடாதவர் இருப்பார். ஹாஸ்டலில் நோன்புக் கஞ்சியை முதலில் எனக்கு ஊற்றிக் கொடுத்த ரூம்மேட்டும் 2021க்கு முன்னால் என் மாடிக்கு வந்து போயிருக்கிறான். அவன் என்ன சாப்பிட்டான் என்று நான் கவனிக்கவில்லை. அதுவும் எனக்கு உறுத்தல்தான். விட்டுவிட்ட ஒருவர் இருப்பார், அதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அவர் கேட்காமலேயே அவருக்கும் ஒரு கிண்ணம் இருக்க வேண்டும்.

இரண்டாவது கிண்ணத்துக்குச் செய்முறை இது. பன்னீர் திராட்சை ஒரு கிலோ, காம்பு நீக்கிக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரோடு சின்னத் தீயில் கால் மணி நேரம். தோல் வெடித்து நிறம் இறங்கும். மத்தால் மெதுவாகக் கடையுங்கள். மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள், விதை அரைபட்டால் கசக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, 100 கிராம் சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஒரு கொதி. ஒயினில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு ஒன்று உண்டு. அது சாறில் வராது. அதற்குப் பால் சேர்க்காத கெட்டி டீ டிகாஷன் அரை டம்ளர் ஊற்றுங்கள். ஆறியதும் அரை எலுமிச்சை பிழிந்து, பழத்தைப் போட்டு ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெளியில் கிடந்து நுரை கட்டினால் அது தானாகவே முதல் கிண்ணமாக மாற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிடுங்கள். ருசியைக் கேட்டால், இப்போது எங்கள் மாடியில் முதலில் தீர்வது இதுதான்.

இரண்டு. இரண்டு கிண்ணமும் பார்க்க ஒரே நிறம். எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று பின் பிளக்கைப் பாருங்கள். எர்த் பின்னைப் பெரிதாக வைத்திருப்பதால் இருட்டில் குத்தினாலும் தப்பாகப் போகாது. படிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. அந்த மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும். எங்கள் வீட்டு விதி இது: குச்சி குத்தியிருந்தால் ஒயின், கரண்டி போட்டிருந்தால் சாறு. ஒயின் தட்டு உயரமான மேசையில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், பக்கத்தில் எப்போதும் ஒரு ஆளோடு. இரண்டு கிண்ணத்துக்கும் இடையில் கரண்டி மாறக் கூடாது.

மூன்று. எழுதினால் யார் படித்தாலும் ஒரே அர்த்தம் வருகிற மாதிரி எழுதுங்கள். "இதில் மது இருக்கிறது." அவ்வளவுதான். அழகாக இருக்க வேண்டியதில்லை.

நான்கு. "ஒரு துண்டுதானே, சும்மா சாப்பிடு மாப்ள" என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அது பாசம் என்று பெயர். அந்தப் பாசத்தால் எத்தனை பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ராத்திரிக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும் நான் அவன் மனைவியிடம் போய், "அம்மா, தப்பு என்மேல. நான்தான் ஒயின் ஊத்தி, அதை ஒழுங்கா எழுதாம வச்சேன். அவன் தெரிஞ்சு தொடலை" என்றேன். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு இட்லி வாங்கக் கீழே போனார்கள்.

அவன் என் கையைப் பிடித்து, "மாப்ள, நேத்தோட இருநூத்திப் பதினாலு நாளுடா. இனிமே மறுபடி ஒண்ணுல இருந்தா எண்ணணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் போகிற குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், பல வருஷத்துக்கு முன் குடியை விட்டவர். அவருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெரிஞ்சு தொட்டாத்தான் தம்பி கணக்கு. நீ இன்னைக்கு இருநூத்திப் பதினஞ்சுன்னு எழுது" என்றார். போனை வைத்துவிட்டு அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்போது அவனுடைய கணக்கு நாலு இலக்கத்தில் ஓடுகிறது. டிசம்பரில் எங்கள் மாடிக்கு வருகிறான். கரண்டி போட்ட கிண்ணத்தில் இரண்டு தரம் வாங்குகிறான். அவன் மனைவி என் வீட்டுக்காரியிடம் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

இன்றைக்கு மதியப் பந்தி முடிந்ததும் கேன்டீன் பக்கம் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைச் சாறில் ஊறிய பழம். கரண்டி மட்டும்தான் போட்டிருக்கிறோம். யார் வேண்டுமானாலும், பிள்ளைகளோடு, பயமில்லாமல் சாப்பிடலாம். ஆறு மாதிரி நீண்ட என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டதற்கு அந்த அண்டாவே கூலி.